லைன் போன பிறகு எட்ஜ் பெட்டி என்ன செய்ய வேண்டும்?

எட்ஜ் கம்ப்யூட்டிங்கில், அதாவது தூரத்து டேட்டா சென்டருக்கு (மையத்துக்கு) அனுப்பாமல் வேலை நடக்கிற இடத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வைப்பதில், ஃபால்ட் டாலரன்ஸ் (கோளாறு வந்தாலும் வேலை நிற்காமல் தாங்குவது) என்று பேச்சை எடுத்தாலே முதலில் வருகிற கேள்வி, "எத்தனை ரெப்ளிகா (அதே வேலைக்கான நகல் பெட்டி) வைக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். இரண்டா, மூன்றா, பக்கத்து சைட்டில் ஒன்று தயாராக நிற்குமா, இப்படியே போகும். தப்பான கேள்வி இல்லை, ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு. பெட்டி நன்றாக இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, டிஸ்க் ஓடுகிறது, மையத்தோடு இருந்த தொடர்பு மட்டும் அறுந்துவிட்டது. இப்போது அந்தப் பெட்டி தன் வேலையைத் தொடர வேண்டுமா, இல்லை "என்னை நம்பி வராதீர்கள்" என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டுமா? டிசைன் டாக்குமென்ட் பக்கம் பக்கமாக இருக்கும், இதற்கு மட்டும் ஒரு வரி பதில் இருக்காது.

டேட்டா சென்டருக்குள் இது இவ்வளவு உறுத்தாது. ஒரு சர்வர் செத்தால் பக்கத்து ரேக்கில் இன்னொன்று இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும், நள்ளிரவிலும் ஆள் இருப்பார். எட்ஜ் அதற்கு நேர் எதிர். துணை மின்நிலையத்தின் ஒரு மூலையில், செல்போன் டவரின் அடியில், ஆஸ்பத்திரி வார்டின் அலமாரியில், ஓடுகிற ரயிலில் என்று கண்ட இடங்களில் உட்கார்ந்திருக்கும் பெட்டி அது. அங்கே லைன் போவதை விபத்து என்றே சொல்ல முடியாது, அது அன்றாடம்.

இந்த ஒரு கேள்வியில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பக்கமும் உலகறிந்த உதாரணங்கள் இருக்கின்றன.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டது நினைவிருக்கும். வழக்கமான பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கை மொத்தமாக அறுத்துவிட்டது. அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலும் ஒரு பக் இருந்தது. இதுவரை மையத்தின் கோளாறு. அடுத்து நடந்ததுதான் நம் விஷயம். உலகம் முழுக்கச் சின்னச் சின்ன எட்ஜ் மையங்களில் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள் (தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்பவை) இருந்தன. அவற்றுக்கு ஒரு விதி: டேட்டா சென்டரோடு பேச முடியவில்லை என்றால் என் பக்கம் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு, "நான் இங்கே இருக்கிறேன்" என்று இணையத்துக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும். ஒரே ஒரு எட்ஜ் மையம் துண்டிக்கப்பட்டால் இது அருமையான விதி, ஆட்கள் அடுத்த மையத்துக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு எல்லா மையமும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டன, எல்லாமே தன்னைத்தான் சந்தேகப்பட்டன, எல்லாமே ஒதுங்கின. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டிஎன்எஸ் சர்வர்களை இணையத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போனது.

இப்போது எதிர்ப்பக்கம். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கோர் நெட்வொர்க் (டவர்களுக்குப் பின்னால் இருக்கும் மைய நெட்வொர்க்) விழுந்தது. மேம்பாட்டு வேலையின்போது ஒரு ரவுட்டரில் இருந்த வடிகட்டி விதியை நீக்கப்போய், ரூட்டிங் தகவல் வெள்ளமாகப் பாய்ந்து கோர் ரவுட்டர்கள் மூழ்கிவிட்டன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவசர எண் 911-க்கு அழைக்கிறவர்களைப் பொறுத்தவரை, தன் நிறுவனத்தின் சிக்னல் இல்லையென்றால் போன் தானாகவே வேறு நிறுவனத்தின் டவரைப் பிடித்துக்கொள்ளும், அப்படித்தான் ஏற்பாடு. ஆனால் ரோஜர்ஸின் டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை கம்பீரமாக சிக்னல் கொடுத்துக்கொண்டே இருந்தன. சிக்னல் இருக்கிறதே என்று போன்களும் அவற்றையே பிடித்துக்கொண்டு நின்றன. டவருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்பது போனுக்கு எப்படித் தெரியும்? பல அழைப்புகள் போய்ச் சேரவே இல்லை. 2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் விழுந்தபோதும் இதே கூத்துதான்: கோர் போனால் தானாக வாயை மூடிக்கொள்ள வேண்டிய டவர்களில் சில மூடவில்லை, அவசர எண் 000 கிடைக்காமல் தவித்தவர்கள் 2,145 பேர் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் பின்னால் கணக்குச் சொன்னது.

ஓரிடத்தில் ஒதுங்கக் கூடாத எட்ஜ் ஒதுங்கியது. இன்னோரிடத்தில் ஒதுங்க வேண்டிய எட்ஜ் ஒதுங்கவில்லை. ரெப்ளிகா எண்ணிக்கையை இரண்டு மடங்கு ஆக்கியிருந்தாலும் இரண்டில் எதுவும் மாறியிருக்காது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியென்றால் விதி என்ன? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. சேவைக்குச் சேவை உட்கார்ந்து யோசிக்க வேண்டும், சோம்பல் பட்டால் முடியாது. நான் வைத்துக்கொள்கிற கேள்வி இதுதான்: நான் ஒதுங்கினால் இந்த வேலையைச் செய்ய வேறு யாராவது நிச்சயமாக இருக்கிறார்களா? டவர் விஷயத்தில் இருந்தார்கள், போட்டி நிறுவனங்களின் டவர்கள் பக்கத்திலேயே இருந்தன, ஒதுங்கியிருக்க வேண்டும். ஃபேஸ்புக் டிஎன்எஸ் விஷயத்தில் அன்றைக்கு யாரும் இல்லை, பழைய பதிலைச் சொல்லிக்கொண்டாவது நின்றிருக்கலாம். (சேவைகள் அப்போதும் திறந்திருக்காது, டேட்டா சென்டரே எட்டவில்லையே. ஆனால் பெயரே இல்லாமல் போவதும், "இப்போது முடியவில்லை" என்ற பதில் வருவதும் ஒன்றல்ல.)

சிக்கல் என்னவென்றால், தனியாக நிற்கும் பெட்டிக்குத் தான் மட்டும் துண்டிக்கப்பட்டோமா, எல்லோருமேவா என்று தெரியாது. அதனால் "ஒதுங்கு" என்பதை ஸ்விட்ச் மாதிரி ஆன், ஆஃப் என்று வைக்காமல் "பின்வரிசைக்குப் போ" என்று வைப்பது நல்லது. அறிவிப்பைத் திரும்பப் பெறாமல் அதன் முன்னுரிமையை மட்டும் குறைத்துவிட்டால், ஆரோக்கியமான வேறு மையம் இருந்தால் டிராஃபிக் அங்கே போகும், யாருமே இல்லையென்றால் மறுபடி நம்மிடமே வரும். பிஜிபியில் பாதையை நீளமாகக் காட்டியே இதைச் செய்யலாம். வரும் டிராஃபிக்கைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர்களிலும் இதே புத்தி உண்டு: பின்னால் இருக்கும் எல்லா சர்வரும் ஒரே நேரத்தில் செத்துவிட்டதாக ஹெல்த் செக் (உயிரோடு இருக்கிறாயா என்று அவ்வப்போது கேட்கும் சோதனை) சொன்னால், சில லோட் பேலன்சர்கள் அதை நம்பாமல் எல்லோருக்கும் டிராஃபிக்கை அனுப்பும். எல்லோரும் ஒரே நொடியில் சாவதைவிட, செக் தப்பாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஹெல்த் செக் என்றதும் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சைட்டில் கேட்வே பெட்டிகள் விட்டு விட்டு வேலை செய்கின்றன என்று லாக்கை எடுத்துப் பார்த்தால், பூட் ஆகிறது, நான்கு நிமிடம் ஓடுகிறது, ரீபூட் ஆகிறது, மறுபடி நான்கு நிமிடம். விடிய விடிய இதே கதை. யாரோ புண்ணியவான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார்: வெளியே ஒரு பொது முகவரிக்கு பிங் அடி, தொடர்ந்து பதில் வராவிட்டால் மோடம் தொங்கியிருக்கும், பெட்டியை ரீபூட் பண்ணு. மோடம் தொங்குகிற சமயத்தில் இது நல்ல வைத்தியம்தான். ஆனால் அன்று போனது நெட்வொர்க் நிறுவனத்தின் லைன், ரீபூட் பண்ணினால் அது எப்படி வரும்? பெட்டி உள்ளூரில் செய்ய வேண்டிய வேலைக்கு இணையமே தேவையில்லை. சென்சாரைப் படித்து அலாரம் அடிப்பது மட்டும்தான் வேலை, அதையும் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை நாமே நிறுத்திக்கொண்டிருந்தோம். வேலியே பயிரை மேய்ந்தது. வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் யாரும் தட்டாவிட்டால் பெட்டியை ரீபூட் பண்ணும் காவல்) கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமில்லை, ஆனால் அதை உள்ளூர் வேலையோடு கட்டுங்கள், மையத்தோடு கட்டாதீர்கள். அலாரம் லூப் கடைசியாக எப்போது ஒரு சுற்று முழுசாக முடித்தது, அதைப் பார்த்து வாட்ச்டாக்கைத் தட்டுங்கள். தட்டுவதற்கென்றே தனி த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) வைத்தால் உருப்படியான த்ரெட் எல்லாம் செத்த பிறகும் அது மட்டும் ஜோராகத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதே கதையின் பெரிய வடிவம், பல மெஷின்களில் புரோகிராம்களை ஓட்டி மேய்க்கும் குபர்நெட்டீஸில் இருக்கிறது. எட்ஜுக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்கிற இடம் இது. ஒரு நோட் (அதில் சேர்ந்த ஒரு மெஷின்) மையத்தோடு பேசாமல் போனால் கன்ட்ரோல் பிளேன் (மையத்திலிருந்து எல்லாவற்றையும் நடத்தும் பகுதி) கொஞ்ச நேரம் பார்க்கும், அப்புறம் அந்த நோடை எட்டவில்லை என்று குறிக்கும், அதற்குப் பிறகு இயல்பான செட்டிங்கில் 300 நொடி பொறுத்து அதில் ஓடும் பாட்களை (தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய புரோகிராம்களான கன்டெய்னர்களின் தொகுப்புகளை) நீக்கச் சொல்லும். நோடுக்கு அந்தக் கட்டளை கேட்காது, லைன்தான் இல்லையே, அதனால் கன்டெய்னர்கள் தம் பாட்டுக்கு ஓடும். சரி, நல்லது. லைன் திரும்பி வந்ததும் என்ன ஆகும்? கட்டளை வந்து சேரும், நோட் தன் பாட்களைக் கொன்றுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். அதாவது லைன் இல்லாத நேரம் முழுக்கத் தாக்குப்பிடித்த சேவை, லைன் வந்த நொடியில் நிற்கும். இதைவிட மோசம் ஒன்று உண்டு. லைன் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தால், பெட்டி பூட் ஆகும், ஆனால் எந்தெந்தப் பாட்களை ஓட்ட வேண்டும் என்று மையத்திடம்தான் கேட்க வேண்டும், மையம் இல்லை, ஆகவே எதுவும் எழும்பாது. உள்ளே இமேஜ் (கன்டெய்னரின் மூலக் கோப்பு) இருக்கிறது, டேட்டா இருக்கிறது, எல்லாம் இருந்தும் பெட்டி சும்மா நிற்கும். புயலில் கரண்டும் லைனும் சேர்ந்தே போகும் என்பதை நினைத்துப் பாருங்கள், இது அபூர்வமான ஜோடி இல்லை. கியூப்எட்ஜ் என்ற திட்டம் பிறந்ததில் பெரிய பங்கு இந்தத் தலைவலிக்குத்தான்: ஓட வேண்டியவற்றின் விவரத்தை நோடிலேயே ஒரு எஸ்க்யூலைட் (சின்ன டேட்டாபேஸ்) கோப்பில் வைத்துக்கொள்கிறது. ஓப்பன்யர்ட் என்ற இன்னொரு திட்டம் வேறு வழியில், நோடுக்கும் மையத்துக்கும் நடுவில் ஒரு கேஷை (கைவசம் நகல் வைத்துக்கொள்ளும் இடத்தை) வைத்து அதையே செய்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் சரி, லைனைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை ரீபூட் பண்ணிப் பார்க்காமல் அந்த சிஸ்டத்தை மிஷன் கிரிட்டிக்கல் (நின்றுபோகவே கூடாதது) என்று நான் கூப்பிட மாட்டேன்.

எட்ஜே எதற்கு, எல்லாவற்றையும் மையத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். இயற்பியல் விடாது. ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான் போகும், 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மையத்துக்குப் போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட் காலி, நடுவில் எந்த ரவுட்டரும் ஒரு கணம்கூடத் தாமதிக்காவிட்டாலும். துணை மின்நிலையத்தில் பாதுகாப்பு ரிலேக்கள் (கோளாறைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவிகள்) ஒன்றுக்கொன்று அனுப்பும் ட்ரிப் ("துண்டி") செய்தி சில மில்லிசெகண்டுக்குள் சேர வேண்டும். இங்கே "ஒரு லைன் போனால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்கிறோம்" என்பதே போதாது, ஏனென்றால் மாறுகிற நேரத்துக்கும் இடமில்லை. அதற்குத்தான் பிஆர்பி என்ற முறை: ஒவ்வொரு ஃபிரேமையும் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டையும்) தனித்தனியான இரண்டு நெட்வொர்க்கில் எப்போதுமே இரண்டு முறை அனுப்புவது, முதலில் வருவதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடுவது. ஒன்று அறுந்தால் மாற்றம் என்ற ஒன்றே நடக்காது. பேண்ட்விட்த் பாதி வீண் என்று கணக்குப் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத தீர்வு இது, கண்டுபிடிக்கிற இடத்தில்தான் நாம் பெரும்பாலும் ஏமாறுகிறோம்.

சரி, ரெப்ளிகாவுக்கு வருவோம். இரண்டு பெட்டி வைத்தால் ஒன்று செத்தாலும் இன்னொன்று என்ற நிம்மதி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள கேபிள் போனால் இரண்டும் மற்றதைச் செத்ததாக நினைத்து, இரண்டுமே தலைமை எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ஸ்ப்ளிட் பிரெய்ன். இரண்டு பேரும் ஒரே வால்வுக்கு ஒருவர் திற, ஒருவர் மூடு என்று சொன்னால் என்ன ஆகும்? பெரும்பான்மை இருந்தால்தான் முடிவெடுக்கலாம் என்று வைத்தால் f பெட்டிகள் சாவதைத் தாங்க மொத்தம் 2f+1 வேண்டும், அதாவது ஒன்றைத் தாங்க மூன்று. செத்துப்போவதோடு நில்லாமல் ஆளுக்கொரு பொய் சொல்லும் பெட்டியையும் தாங்க வேண்டுமென்றால் 3f+1, இது லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982-இல் எழுதிய பைசாண்டியன் ஜெனரல்கள் கட்டுரையிலிருந்தே தெரிந்த கணக்கு. எட்ஜில் மூன்று பெட்டிக்குக் காசும் இடமும் இருக்காது என்பதால், இரண்டு பெட்டி, மூன்றாவது ஓட்டுக்கு மட்டும் கிளவுடில் ஒரு சாட்சி என்று வைப்பார்கள். காகிதத்தில் அழகு. ஆனால் ஒரே இடியில் ஒரு பெட்டியும் இணைய லைனும் சேர்ந்து போனால், மிச்சமிருக்கும் நல்ல பெட்டிக்குப் பெரும்பான்மை இல்லை, அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். சாட்சியை சைட்டிலேயே, தனி பேட்டரியில் ஓடும் ஏதாவது சின்னக் கருவியில் வைப்பது என் கட்சி. ஓட்டுப் போட மட்டும்தான் அது, பெரிய மெஷின் தேவையில்லை.

மூன்று பெட்டியையும் ஒரே ரேக்கில், ஒரே யூபிஎஸ்ஸில் வைத்துவிட்டு குவோரம் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை) இருக்கிறது என்று சொல்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு நுணுக்கம். பழைய தலைமைப் பெட்டி சாகவில்லை, டிஸ்க் இழுத்ததால் பத்துப் பன்னிரண்டு நொடி உறைந்து நின்றது, அவ்வளவுதான். அதற்குள் மற்றவர்கள் புதுத் தலைமையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உறைந்தது விழித்துக்கொண்டு, தான் இன்னும் தலைமை என்ற நினைப்பிலேயே, பாதியில் விட்ட கட்டளையை அனுப்பும். இப்படித் தலைமையைத் தேர்ந்தெடுத்து ஓடும் எட்சிடி போன்ற டேட்டாபேஸ்கள் இயல்பான செட்டிங்கில் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு ஹார்ட்பீட் ("உயிரோடு இருக்கிறேன்" என்ற செய்தி), 1,000 மில்லிசெகண்டில் புதுத் தேர்தல் என்று ஓடுகின்றன. மலிவான ஃபிளாஷில் எழுதும் பெட்டி ஒரு நொடி உறைவது சாதாரணம். இதைப் பெட்டிகளுக்குள் எவ்வளவு பேசினாலும் முழுசாகத் தீர்க்க முடியாது, கட்டளையை வாங்குகிற இடத்தில்தான் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு தலைமைக்கும் ஏறுவரிசையில் ஒரு எண், வால்வின் கன்ட்ரோலர் தான் கடைசியாகப் பார்த்த எண்ணைவிடக் குறைந்த எண்ணோடு வருவதை நிராகரிக்க வேண்டும். பழைய கருவிகளுக்கு இந்தப் புத்தி கிடையாது. அப்போது தலைமையில் இருப்பவரின் அவுட்புட்டுக்கு மட்டும் கரண்ட் போகும்படி ஒரு ரிலே போட்டுவிடுவது, கேட்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும், எந்த சாஃப்ட்வேர் வாக்குறுதியையும்விட நம்பகமானது.

ரெப்ளிகா விஷயத்தில் என்னை ரொம்பக் கவலைப்படுத்துவது இது எதுவும் இல்லை. எல்லா ரெப்ளிகாவும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்பதுதான். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5-இன் முதல் ராக்கெட்டில் இரண்டு இனர்ஷியல் கருவிகள் (ராக்கெட்டின் அசைவையும் திசையையும் அளப்பவை) இருந்தன, ஒன்று போனால் இன்னொன்று. இரண்டிலும் ஒரே சாஃப்ட்வேர். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கப்போய் முதலில் பேக்கப் செத்தது, ஏறக்குறைய 72 மில்லிசெகண்ட் கழித்து மெயின் அதே காரணத்தால் செத்தது. ராக்கெட் வெடித்துச் சிதறியது. போயிங் 787-இல் இதே ஜாதியில் ஒரு பக் 2015-இல் வெளியே வந்தது: ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் ஒரு கவுன்ட்டர், தொடர்ந்து 248 நாள் கரண்டில் இருந்தால் நிரம்பி வழிந்து யூனிட்டை நிறுத்திவிடும். நான்கு யூனிட்டையும் ஒன்றாக ஆன் செய்திருந்தால் நான்கும் ஒன்றாகவே நிற்கும். நூறு சைட்டில் நூறு பெட்டியை ஒரே நாள் அப்டேட் போட்டு ஒரே நேரத்தில் ரீபூட் செய்கிற நமக்கும் இதே கதி வரலாம். தீர்வு மலிவானது: ரீபூட் நாட்களைக் கலைத்துப்போடுங்கள், ஜோடியில் ஒன்றுக்கு ஒரு வாரம் முன்னால் அப்டேட் போடுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஒரு கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களைச் சாய்த்ததும், தவறைக் கண்டுபிடித்து அந்தக் கோப்பைத் திரும்பப் பெற 78 நிமிடமே ஆனதும், ஆனாலும் சாய்ந்தவற்றை நிமிர்த்தப் பல நாட்கள் பிடித்ததும் நமக்குத் தெரியும். பூட்டே ஆகாத மெஷினுக்குத் திருத்தத்தை எந்த வழியாக அனுப்புவது? கியாஸ்க், விமான நிலையத் திரை என்று ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது.

அந்த "ஆள் போய் நிற்பது" தான் எட்ஜின் உண்மையான செலவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விழுகிறது, ஆள் போய்ச் சரிசெய்ய ஒரு நாள் ஆகிறது என்று வைத்தால் வருடத்துக்குச் சராசரி 4.8 மணி நேரம் சேவை இல்லை, அதாவது 99.945 சதவீத நேரம் சேவை உண்டு. அதே பெட்டி, அதே ஐந்து வருடம், ஆனால் 15 நிமிடத்தில் தானாகவே எழுந்துவிடுகிறது என்றால் வருடத்துக்கு 3 நிமிடம். ஐந்து ஒன்பது என்று பெருமையாகச் சொல்கிற 99.999 சதவீதத்துக்கு வருடம் 5.26 நிமிடம் வரை அனுமதி உண்டு, அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. இரண்டாவது பெட்டி வாங்காமலேயே. (எல்லாக் கோளாறும் தானாகச் சரியாகிவிடாது, எரிந்த போர்டை எந்த ஸ்கிரிப்டும் எழுப்பாது, தெரியும். ஆனால் நடப்பதில் கணிசமானது சாஃப்ட்வேரும் கன்ஃபிகும்தான்.) அதனால் காசு குறைவென்றால் முதலில் டிஸ்க்கில் ஏ, பி என்று இரண்டு பார்ட்டிஷன் (பகுதி) போட்டு, ஒன்றில் பழைய வெர்ஷனும் மற்றதில் புதியதும் வைத்து, புது வெர்ஷன் சில முறை பூட் ஆக முயன்று தோற்றால் பூட்லோடரே (பெட்டியைத் தொடங்கிவைக்கும் சின்னப் புரோகிராமே) பழையதற்குத் திரும்பும்படி செய்யுங்கள். "பூட் ஆனது" என்பதற்கு அடையாளம் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) வந்தது இல்லை, உள்ளூர் வேலை ஒரு சுற்று முடிந்தது.

ஸ்டோரேஜ் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஃபிளாஷ் தேயும், அவ்வளவுதான். டெஸ்லா 2021-இல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், திரையை ஓட்டும் கம்ப்யூட்டரில் இருந்த 8 ஜிபி ஃபிளாஷ் எழுதி எழுதித் தேய்ந்துபோனதுதான், பின்பக்க கேமராவே வராமல் போனது. ஓயாமல் லாக் எழுதுவதும் அதில் அடக்கம். லாக்கை ராமில் வைத்து அவ்வப்போது மொத்தமாக எழுதுங்கள்.

நேரம் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெட்டியில் கடிகார பேட்டரி செத்திருந்தால் பூட் ஆனதும் அது 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். மையத்தோடு டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) போட்டால், மையத்தின் அடையாளச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று மறுக்கும். சரியான நேரத்தை வாங்கும் சேவையையும் டிஎல்எஸ் வழியாகவே வைத்திருந்தால் முடிந்தது, கோழியா முட்டையா. கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, பூட் ஆகும்போது அதற்கு முன்னால் போகாதே என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சான்றிதழ் காலாவதியையும் சும்மா விடாதீர்கள். 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் சாஃப்ட்வேரில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி பிரிட்டனில் ஓ2 நெட்வொர்க்கில் சுமார் 3.2 கோடிப் பேருக்கு டேட்டா போனது, அதே நாள் ஜப்பானில் சாஃப்ட்பேங்கும் விழுந்தது. மையத்திலேயே அப்படி என்றால், வாரக்கணக்கில் லைன் இல்லாமல் இருக்கும் எட்ஜ் பெட்டி தன் சான்றிதழை எப்படிப் புதுப்பிக்கும்? ஜிபிஎஸ்ஸை நம்பி நேரம் வைப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய செயற்கைக்கோளை ஓய்வு கொடுத்து அனுப்பும் வேலையில் ஜிபிஎஸ் ஒலிபரப்பிய நேரத் தகவல் சுமார் 13 மைக்ரோசெகண்ட் பிசகியது. ஒரே அலைவரிசையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் டிடிடி வகை 5ஜி டவர்கள் தாங்குவது கூட்டல் கழித்தல் 1.5 மைக்ரோசெகண்ட்.

லைன் திரும்பி வரும் நொடிதான் எனக்கு உண்மையான பரீட்சை. மாவட்டம் முழுக்க இருந்த பெட்டிகள் ஒரே நேரத்தில் மையத்தின் கதவைத் தட்டும், ஆளுக்குச் சில மணி நேரத் தரவோடு. காத்திருக்கும் இடைவெளியில் தற்செயலைக் கலக்காவிட்டால் இப்போதுதான் எழுந்த மையத்தை மறுபடி படுக்க வைத்துவிடுவோம். இப்படிப்பட்ட கருவிகள் செய்தி அனுப்பும் எம்க்யூடிடி முறையில் க்யூஓஎஸ் 1 (செய்தி சேர்வதற்கான உத்தரவாத நிலை) என்றால் "குறைந்தது ஒரு முறை", அதாவது இரண்டு முறையும் வரலாம் என்று அர்த்தம், வாங்குகிறவர் அதைத் தாங்க வேண்டும். எதிர்த்திசையில் வருவது இன்னும் ஆபத்து: லைன் இல்லாதபோது மையத்திலிருந்து யாரோ "கேட்டைத் திற" என்று அனுப்பியிருப்பார், கிடைக்கவில்லை என்று போனில் பேசி வேறு ஆளை வைத்துத் திறந்து மூடியும் இருப்பார்கள். மூன்று மணி நேரம் கழித்து லைன் வந்ததும் வரிசையில் கிடந்த கட்டளை வந்து சேர்ந்து கேட் தானாகத் திறக்கும். சென்சார் அளவீட்டைச் சேமித்து வைத்து அனுப்பலாம், கட்டளையைச் சேமித்து வைக்கக் கூடாது. எம்க்யூடிடி 5-இல் செய்திக்குக் காலாவதி நேரம் வைக்கும் வசதி இருக்கிறது, கட்டளைகளுக்கு அதைச் சில நொடியில் வைத்துவிடுங்கள்.

சோதனை என்று கேபிளைப் பிடுங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிடுங்கிய கேபிள் ரொம்ப நேர்மையானது, போர்ட் உடனே இறங்கிவிடும், சாஃப்ட்வேருக்கு அப்போதே தெரிந்துவிடும். நிஜத்தில் லைன் அப்படி நேர்மையாகப் போகாது. நூற்றுக்கு முப்பது பாக்கெட் தொலையும், பதில் எட்டு நொடி கழித்து வரும், அனுப்புவது போகும் வருவது வராது, டிஎன்எஸ் மட்டும் போயிருக்கும். லினக்ஸில் டிசி கட்டளையோடு நெட்எம்மை (நெட்வொர்க்கை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டும் வசதியை) வைத்து இது எல்லாவற்றையும் மேசையில் உட்கார்ந்தே செய்து பார்க்கலாம். அப்புறம் நீளமாகவும் பாருங்கள், பத்து நிமிடம் இல்லை, வாரக்கணக்கில். லாக் பஃபர் நிரம்புவது, டோக்கன் காலாவதியாவது, கடிகாரம் நகர்வது எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும்.

கடைசியாக ஒன்று, பெட்டியில் ஒரு எல்இடி வையுங்கள். பச்சை என்றால் மையத்தோடு இருக்கிறேன், மஞ்சள் என்றால் தனியாக ஓடுகிறேன் ஆனால் வேலை நடக்கிறது, சிவப்பு என்றால் ஒதுங்கிவிட்டேன். சைட்டில் இருப்பவரிடம் லாகின் இருக்காது, லைன் போன நேரத்தில் நம்மைக் கூப்பிட வழியும் இருக்காது, அவரால் செய்ய முடிந்தது ஸ்விட்சை அணைத்துப் போடுவது ஒன்றுதான். மஞ்சளில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் அவர் கை வைக்கக் கூடாது, அதைப் பெட்டியின் மேலேயே அவர் படிக்கிற மொழியில் எழுதி ஒட்டுங்கள்.